கைப்பேசி படிக்கும் லேபிளைப் பிரிப்பு மையத்து ஸ்கேனர் ஏன் மறுக்கிறது?

பொதிகட்டி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் கைவினைப் பொருள்களை இணையம் வழியாக விற்று, வாங்குவோருக்குக் கூரியரிலும் அஞ்சலிலும் அனுப்பி வருகிறேன். அனுப்பும் நிறுவனத்தின் தளத்தில் விவரங்களை உள்ளிட்டுக் கட்டணம் செலுத்தியதும் பிடிஎஃப் கோப்பாக லேபிள் கிடைக்கிறது. அதை முன்பு ஏ4 தாளில் அச்சிட்டு வெட்டி ஒட்டினேன்; இப்போது 4×6 அங்குல ஒட்டுத்தாளில் அச்சிடும் தெர்மல் பிரிண்டர் ஒன்றைப் பயன்படுத்துகிறேன்.

பெரும்பாலான பொதிகள் தடையின்றிச் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் சில பொதிகள் பிரிப்பு மையத்தில் நின்றுவிடுகின்றன; நிலவரத்தில் 'லேபிளைப் படிக்க இயலவில்லை' என்று வருகிறது; பிறகு யாரோ கையால் எண்ணைத் தட்டி, புதிய லேபிள் ஒட்டி அனுப்புகிறார்கள், அல்லது பொதி எனக்கே திரும்பி வருகிறது. வியப்பு என்னவென்றால், அதே லேபிளை ஒட்டுவதற்கு முன் என் கைப்பேசியில் காட்டினால் எண் உடனே வந்துவிடுகிறது. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் 'லேபிள் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும்' என்பதற்கு மேல் விளக்கம் இல்லை.

ஒரு லேபிள் செல்லத்தக்கதா என்பதை எவையெல்லாம் தீர்மானிக்கின்றன? அதன்மேல் ஒளிபுகும் டேப் ஒட்டலாமா? வாங்குவோர் முகவரியைத் தமிழில் தட்டச்சு செய்து அனுப்பினால் அப்படியே இடலாமா? வெளிநாட்டு வாங்கல்களும் வரத் தொடங்கியுள்ளதால், அதற்கென வேறு ஏதேனும் தேவையா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கிடங்குவாசி:

வணக்கம். கைப்பேசியில் படிகிறது என்பதைத் தகுதிச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கைப்பேசி, அசையாத லேபிளை நேர் எதிரே வைத்துக்கொண்டு, விடை கிடைக்கும்வரை அடுத்தடுத்துப் படம் எடுத்து முயன்றுகொண்டே இருக்கும். பிரிப்பு மையத்திலோ பொதி ஓடும் பட்டையின் மீது நகர்ந்துகொண்டிருக்கும். பெட்டி சாய்ந்தும் திரும்பியும் வரும். ஸ்கேனருக்கு அதைப் பார்க்கக் கிடைப்பது நொடியின் ஒரு சிறு பகுதிதான். அந்த நேரத்துக்குள் படிக்கப்படாத பொதி கைவேலைக்கு ஒதுக்கப்படும். உங்களுக்கு நடப்பது அதுவே.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்க்கும்போது என் முதல் ஐயம் அச்சிடும் அளவின் மீது எழுகிறது. கூரியர் லேபிள்களில் காணும் நீண்ட பார்கோடு பெரும்பாலும் 'கோடு 128' வகையைச் சேர்ந்தது, 1981இல் உருவானது. அதில் ஒவ்வோர் எழுத்தும் 11 அலகு அகலம் கொண்டது; மிக மெல்லிய கோட்டின் அகலமே ஓர் அலகு. அந்த 11 அலகுக்குள் மூன்று கறுப்புக் கோடுகளும் மூன்று வெள்ளை இடைவெளிகளும் அமையும். ஒவ்வொன்றும் 1 முதல் 4 அலகு வரை அகலமாக இருக்கலாம். இந்த அகலங்களின் விகிதத்தைக் கணக்கிட்டுத்தான் ஸ்கேனர் எழுத்தை அறிகிறது. உங்கள் பிரிண்டர் அங்குலத்துக்கு 203 புள்ளிகள் இடும் வகையாக இருந்தால், ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள், அதாவது ஒரு புள்ளி 0.125 மி.மீ. என்று கொள்ளலாம். லேபிளை வடிவமைத்தவர்கள் ஓர் அலகுக்கு 3 புள்ளிகள் வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வோம். அச்சுத் திரையில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வு இருந்து, பக்கம் 94 விழுக்காடாகச் சுருங்கினால், 3 புள்ளிகள் 2.82 புள்ளிகள் ஆகிவிடும். எந்தப் பிரிண்டராலும் 0.82 புள்ளியை இட முடியாது. ஆகவே ஓரிடத்தில் 3 ஆகவும், அடுத்த இடத்தில் 2 ஆகவும் முழுமைப்படுத்திவிடும். கண்ணுக்கு அழகாகத் தெரியும் அந்தப் பார்கோட்டில் விகிதங்கள் குலைந்திருக்கும். சில எண்களில் இந்தக் குலைவு பொறுக்கக்கூடிய அளவில் அமைந்துவிடுவதால்தான் சில பொதிகள் போய்ச் சேர்கின்றன, சில நின்றுவிடுகின்றன என்று நினைக்கிறேன்.

ஆகவே அச்சிடும்போது 'உண்மை அளவு' அல்லது '100 விழுக்காடு' என்பதையே தேர்ந்தெடுங்கள். தாள் அளவையும் பிரிண்டர் அமைப்பில் 4×6 அங்குலம் என்றே பதிந்து வையுங்கள். பிடிஎஃப் கோப்பைத் திரைப்பிடிப்பு எடுத்து, அந்தப் படத்தை அச்சிடும் வழக்கம் பலரிடம் உள்ளது. திரைப்பிடிப்பில் கோடுகளின் ஓரம் சாம்பல் நிறமாகக் கரைந்துவிடும், தெர்மல் பிரிண்டர் அந்தச் சாம்பலைக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ தன் விருப்பத்துக்கு மாற்றிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிப் பெற்ற லேபிளுக்கும் இதே கதி நேரும்.

அடுத்து, பார்கோட்டின் இரு பக்கமும் இருக்கும் வெற்றிடம். கோடு 128க்கு அது ஓர் அலகின் பத்து மடங்கு இருக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் பக்கத்துக்கு 3.75 மி.மீ. ஏ4 தாளை வெட்டும்போது இந்த வெற்றிடத்தைத்தான் கத்தரிக்கோல் முதலில் தின்றுவிடுகிறது. பழுப்பு டேப்பின் விளிம்பு அதற்குள் ஏறினாலும் அதே விளைவுதான்.

தெர்மல் பிரிண்டரில் இன்னொன்றையும் கவனியுங்கள். அச்சுத்தலையில் வெப்பப் புள்ளி ஒன்று பழுதானால், தாள் நகரும் திசையில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தொடர்ந்து விழும். பார்கோட்டின் கோடுகளும் அதே திசையில் ஓடினால், ஒரு கறுப்புக் கோட்டின் அகலம் மேலிருந்து கீழ்வரை குறைந்துவிடும். எந்த உயரத்தில் படித்தாலும் தவறாகவே படியும். கோடுகள் குறுக்கே ஓடினால் வெள்ளைக் கோடு எல்லாவற்றையும் வெட்டிச் சென்றாலும் மற்ற இடத்தில் படித்துக்கொள்ள முடியும். அச்சுத்தலையை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் அவ்வப்போது துடைப்பது நல்லது. வெள்ளைக் கோடு அப்போதும் போகாவிட்டால் தலையை மாற்ற வேண்டியிருக்கும். அச்சின் கருமையை உச்சத்துக்கு ஏற்றி வைப்பதும் தீர்வாகாது. அதிக வெப்பத்தில் கோடுகள் பருத்து இடைவெளிகள் அடைபடும்.

மைத்துளி:

கிடங்குவாசி சொன்னவற்றோடு உடன்படுகிறேன். டேப் பற்றிய கேள்விக்கு மட்டும் என் கருத்தைச் சொல்கிறேன், ஏனெனில் இதில் எல்லோருக்கும் ஒரே விடை பொருந்தாது.

தெர்மல் லேபிளில் மை கிடையாது. வெப்பம் பட்டுத் தாளின் பூச்சே கறுக்கிறது. அந்தப் பூச்சு வெயிலாலும் சூட்டாலும் உராய்வாலும் கெட்டுவிடும் தன்மையது. சில டேப்புகளின் பசை பட்டாலே எழுத்து நாளடைவில் வெளிறிப்போகும். அதன்மேல் டேப் ஒட்டவே வேண்டாம். லேபிளின் பின்பக்கத்துப் பசையே போதும். பெட்டியின் மேற்பரப்பில் தூசியும் ஈரமும் இல்லாமல் துடைத்துவிட்டு ஒட்டினால் உரிந்து வராது.

சாதாரணத் தாளில் மைத்தெளிப்புப் பிரிண்டரால் அச்சிட்டால் கதை வேறு. ஒரு துளி நீர் பட்டாலே மை பரவும். எனவே பாதுகாப்பு தேவை. ஆனால் பளபளக்கும் டேப்பைப் பார்கோட்டின்மேல் சுருக்கத்தோடு இழுத்து ஒட்டினால், ஸ்கேனரின் ஒளி கண்ணாடியில் பட்டதுபோல் திரும்பிவிடும். இரண்டு டேப்புகள் சேரும் விளிம்பு பார்கோட்டின் குறுக்கே வந்தால் அது கூடுதலான ஒரு கோடாகவே தெரியலாம். பல நிறுவனங்கள் பார்கோட்டின்மேல் டேப் கூடாது என்றே விதித்துள்ளன. நான்கு ஓரங்களில் மட்டும் டேப் இட்டு நடுவை விட்டுவிடலாம். இன்னும் மேலானது, பின்பக்கம் பசையுள்ள ஒளிபுகும் ஆவண உறை. லேசர் பிரிண்டர் கையில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அதன் டோனர் எனும் மைத்தூள் நீரில் கரையாது.

நிறம் பற்றியும் ஒரு சொல். பார்கோட்டைச் சிவப்பில் அச்சிடும் அழகுணர்ச்சி சிலருக்கு உண்டு. பெரும்பாலான லேசர் ஸ்கேனர்கள் சிவப்பு ஒளியில் பார்க்கின்றன. அந்த ஒளியில் சிவப்புக் கோடு வெள்ளைத் தாளிலிருந்து வேறுபட்டே தெரியாது. வெள்ளையில் கறுப்பு என்பதைத் தவிர வேறெதையும் முயல வேண்டாம்.

முகவரியாளர்:

அச்சு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், உள்ளே இருக்கும் விவரம் பிழையானால் லேபிள் பயனற்றது. முகவரிப் பட்டியல்களைத் தொகுத்துத் தரும் வேலையில் நான் அன்றாடம் பார்ப்பவற்றை எழுதுகிறேன்.

பல பொதிகளின் விவரங்களை எக்செல் கோப்பில் இட்டு மொத்தமாகப் பதிவேற்றுகிறீர்கள் என்றால், அஞ்சல் குறியீட்டு எண்ணுக்குரிய நெடுவரிசையை முதலில் 'உரை' என்று மாற்றிவிட்டுப் பிறகு தட்டுங்கள். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் ஜெர்மனியின் கிழக்குப் பகுதியிலும் குறியீட்டு எண்கள் 0இல் தொடங்குகின்றன. எக்செல் அதை எண்ணாகக் கருதி முன்னிருக்கும் 0ஐ உதறிவிடும். ஐந்து இலக்கம் நான்காகிவிடும். கண்காணிப்பு எண்ணிலும் இதே கேடு உண்டு. எக்செல் ஓர் எண்ணின் முதல் 15 இலக்கங்களை மட்டுமே காக்கும். 18 இலக்க எண்ணை இட்டால் கடைசி மூன்றும் 0 ஆகிவிடும். கோப்பைச் சேமித்து மூடிய பிறகு அவற்றை மீட்க வழியே இல்லை.

முகவரி வரிக்கு எழுத்து வரம்பு உள்ளது. பெரிய கூரியர் நிறுவனங்களின் அமைப்புகளில் ஒரு வரிக்கு 35 எழுத்துகள் என்பது பரவலாகக் காணப்படும் வரம்பு. அதைத் தாண்டினால் சில தளங்கள் எச்சரிக்கும். சில தளங்கள் ஒன்றும் சொல்லாமல் வெட்டிவிடும். வெட்டுப்படுவது எப்போதும் வரியின் கடைசி என்பதால், கட்டடப் பெயரை நீட்டி எழுதி வீட்டு எண்ணைக் கடைசியில் வைப்பவர்களின் பொதிதான் வாசல் தெரியாமல் அலைகிறது. வீட்டு எண், தளம், தெரு ஆகியவற்றை முதலில் வைத்து, 'எதிரில்', 'பின்புறம்' போன்ற அடையாளக் குறிப்புகளை இரண்டாம் வரிக்குத் தள்ளுங்கள். பெறுநரின் தொலைபேசி எண்ணுக்கென்று தனிக் கட்டம் இருக்கும்போது அதை முகவரி வரிக்குள் திணிக்க வேண்டாம். வழி பிரிக்கும் மென்பொருள் அதைக் கதவு எண்ணாகவோ குறியீட்டு எண்ணாகவோ புரிந்துகொள்ளும் வாய்ப்பு உண்டு.

தமிழ் எழுத்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிறுவனத்தின் தளம் யூனிகோடை ஏற்றாலும், லேபிளை உருவாக்கும் பின்னணி மென்பொருளில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் கட்டங்களும் கேள்விக்குறிகளுமே அச்சாகும். சில இடங்களில் எழுத்துரு இருந்தும் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறி விழும். பதிவேற்றும் முன் ஒரே ஒரு லேபிளை உருவாக்கிப் பார்த்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. ஐயம் இருந்தால் ரோமன் எழுத்தில் முகவரியைத் தந்து, தமிழ் முகவரியைத் தனித் தாளில் எழுதிப் பெட்டிக்குள் பொருளோடு வையுங்கள். வெளி லேபிள் கிழிந்து காணாமல் போனாலும், பெட்டியைத் திறந்து பார்ப்பவர்களுக்கு அந்தத் தாள் பயன்படும். அனுப்புநர் முகவரியும் அதில் இருக்கட்டும்.

எடையும் அளவும் கூட லேபிளின் செல்லுபடியைத் தீர்மானிப்பவைதான். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.இல் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் கன எடை, உண்மை எடையைவிடக் கூடுதலாக இருந்தால் அதற்கே கட்டணம் என்பது பல கூரியர்களின் வழக்கம். பஞ்சு பொம்மை போன்ற இலேசான பொருளுக்கு இதைக் கவனிக்காமல் லேபிள் எடுத்தால், மையத்தில் அளந்து பார்த்துக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள் அல்லது நிறுத்தி வைப்பார்கள்.

பொதிகட்டி:

மிகவும் நன்றி. அச்சிட்ட லேபிளை அளவுகோல் வைத்துப் பார்த்தேன், 101.6 மி.மீ. இருக்க வேண்டிய அகலம் குறைவாகவே உள்ளது. பிரிண்டரின் மென்பொருள் ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் 'பொருத்து' தேர்வைத் தானாகவே இட்டுவிடுகிறது, அதை மாற்றிவிட்டேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். வெளிநாட்டுக்கு அஞ்சல் வழியாக அனுப்பும்போது லேபிளோடு சேர வேண்டிய சுங்க விவரங்கள் எவை? ஒரே வாங்கலை இரண்டு பெட்டிகளாகப் பிரித்தால் ஒரே லேபிளின் இரண்டு படிகளை ஒட்டலாமா? பெட்டியில் லேபிளை எங்கே ஒட்டுவது என்பதையும் யாரும் இன்னும் சொல்லவில்லை.

அஞ்சல்வழி:

வெளிநாட்டு அஞ்சலைப் பற்றி எழுதுகிறேன்.

முகவரியின் கடைசி வரியில் நாட்டின் பெயர் மட்டும் பெரிய ஆங்கில எழுத்துகளில் இருக்க வேண்டும். அந்த ஒரு வரி அனுப்பும் நாட்டுக்காரர்களுக்கு. அதற்கு மேலுள்ளவை அனைத்தும் சேரும் நாட்டுக்காரர்களுக்கு. இங்கே பிரிப்பவர் நாட்டை மட்டும் பார்த்துப் பையில் போடுவார். அங்கே பிரிப்பவர் மற்ற வரிகளைத் தம் நாட்டு வழக்கப்படி படிப்பார். எனவே குறியீட்டு எண் நகரப் பெயருக்கு முன்னே வருமா பின்னே வருமா என்பதில் சேரும் நாட்டின் முறையையே பின்பற்றுங்கள். பெறுநர் எழுதித் தந்த வரிசையை மாற்றியமைக்க வேண்டாம்.

வெளிநாட்டு அஞ்சலின் கண்காணிப்பு எண் 13 குறிகள் கொண்டது. உலகளாவிய அஞ்சல் ஒன்றியத்தின் எஸ்10 தரப்படி அமைவது. முதலில் சேவையைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள், பிறகு 8 இலக்க வரிசை எண், ஒரு சோதனை இலக்கம், இறுதியில் அனுப்பும் நாட்டின் இரண்டெழுத்துக் குறியீடு. முதல் எழுத்து 'ஈ' என்றால் விரைவு அஞ்சல், 'ஆர்' என்றால் பதிவு அஞ்சல், 'சி' என்றால் பார்சல். சோதனை இலக்கத்தை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். 8 இலக்கங்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து, மீதியை 11இலிருந்து கழிக்க வேண்டும். விடை 10 என்றால் 0, 11 என்றால் 5 என்று கொள்ள வேண்டும். வரிசை எண் 12345678 எனில் கூட்டுத்தொகை 204, மீதி 6, ஆகவே சோதனை இலக்கம் 5. கையால் எண்ணை எழுதி அனுப்புகிறவர்கள் ஓர் இலக்கத்தைப் பிழையாக எழுதினால் பெரும்பாலும் இதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

சுங்கத்துக்கு சிஎன் 22, சிஎன் 23 என இரண்டு படிவங்கள் உள்ளன. உள்ளடக்கத்தின் மதிப்பு 300 சிறப்பு எடுப்பு உரிமை வரை உள்ள சிறு பொதிக்கு சிஎன் 22. அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு சிஎன் 23. இந்த 'சிறப்பு எடுப்பு உரிமை' என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. அதன் மதிப்பு நாள்தோறும் மாறும். இப்போது பல நாடுகளின் அஞ்சல் துறைகள் இந்த விவரங்களை இணையத்திலேயே பெற்று லேபிளோடு ஒரே தாளில் அச்சிட்டுத் தந்துவிடுகின்றன. பொருள் அடங்கிய வெளிநாட்டு அஞ்சலுக்கு மின்னணு முன்தகவல், அதாவது சுங்க விவரங்களை முன்கூட்டியே மின்னணு வழியில் அனுப்புவது, 2021 ஜனவரி 1 முதல் அஞ்சல் ஒன்றியத்தின் விதியாகிவிட்டதால், தாளில் மட்டும் எழுதி ஒட்டிய பொதியை அஞ்சலகச் சாளரத்திலேயே திருப்பித் தந்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வான்வழியாகச் செல்லும் பொதிகளுக்கு 2023 மார்ச் 1 முதல் கெடுபிடி இன்னும் கூடியிருக்கிறது. விற்பனைப் பொருளுக்கு, சுங்கத்துக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் ஆறு இலக்க எச்எஸ் குறியீட்டைத் தவறாமல் இடுங்கள். இந்த முதல் ஆறு இலக்கங்கள் உலகெங்கும் ஒன்றே. அதற்கு மேலுள்ள இலக்கங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும்.

பொதி சுங்கத்தில் நிற்பதற்குப் பெரிய காரணம் பொருள் விவரிப்புதான். 'அன்பளிப்பு', 'கைவினைப் பொருள்', 'துணி' என்று எழுதினால் அதிகாரிக்கு ஒன்றும் விளங்காது. எதனால் ஆனது, என்ன பொருள், எத்தனை என்பது தெரிய வேண்டும்: 'மரத்தால் ஆன குழந்தை விளையாட்டுப் பொம்மை, 2' என்று எழுதுங்கள். விற்ற பொருளை அன்பளிப்பு என்று குறிப்பது பொய் அறிவிப்பு. அதைச் செய்யச் சொல்லி வாங்குவோர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். பொம்மைக்குள் லித்தியம் அயனி பேட்டரி இருந்தால் முன்கூட்டியே அஞ்சலகத்தில் கேட்டுவிடுவது நல்லது, ஏனெனில் கருவிக்குள் அடங்கிய பேட்டரிக்கும் தனியே அனுப்பும் பேட்டரிக்கும் யுஎன் 3481, யுஎன் 3480 என வெவ்வேறு ஐ.நா. அபாயப் பொருள் எண்களும் வெவ்வேறு விதிகளும் உள்ளன. பவர் பேங்க் இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

கிடங்குவாசி:

இடம் பற்றிய கேள்விக்கும் இரண்டு பெட்டிக் கேள்விக்கும் விடை தருகிறேன்.

பெட்டியின் மிகப் பெரிய தட்டையான முகத்தில், மூடி சேரும் பிளவின் மேல் படாமல், மூலைக்கு மடியாமல் ஒட்டுங்கள். பார்கோடு தரங்களை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஜிஎஸ்1இன் வழிகாட்டுதல், பெட்டிகளில் ஒட்டும் பார்கோடு அடிப்பக்கத்திலிருந்து 32 மி.மீ. உயரத்தில் தொடங்க வேண்டும், செங்குத்து விளிம்பிலிருந்து 19 மி.மீ.க்குக் குறையாமல் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது; நல்ல அளவுகோல்தான். லேபிள் மடங்காமல் அமர முடியாத அளவுக்குச் சிறிய பெட்டி என்றால் பெட்டியை மாற்றுங்கள். உருளைக் குழாயில் அனுப்பும்போது பார்கோட்டின் நீளம் குழாயின் நீளத்தோடு ஓடும்படி ஒட்டுங்கள். அப்போது கோடுகளின் அகலம் வளைவில் சிக்காது. பிளாஸ்டிக் உறையானால் பொருளை உள்ளே இட்டு, காற்றை வெளியேற்றி, மேற்பரப்பை இழுத்துச் சமன்செய்த பிறகே லேபிளை ஒட்ட வேண்டும். வெற்றுறையில் ஒட்டிவிட்டுப் பொருளை நுழைத்தால் சுருக்கம் விழும். பழைய பெட்டி என்றால் முந்தைய லேபிளையும் ஒட்டியிருக்கும் எல்லாப் பார்கோடுகளையும் உரித்துவிடுங்கள். உரிக்க வராததைக் கறுப்பு மார்க்கரால் முழுவதுமாக அடியுங்கள்.

ஒரு லேபிளின் இரண்டு படிகளை இரண்டு பெட்டிகளில் ஒட்டவே கூடாது. கண்காணிப்பு எண் ஒரு பொதிக்கு ஒன்று. முதல் பெட்டி ஸ்கேன் ஆனதும் அந்த எண் 'வந்துவிட்டது' என்று பதிவாகும். இரண்டாவது பெட்டி அதே எண்ணோடு வந்தால் கட்டணம் செலுத்தாத நகல் என்று ஒதுக்கப்படும். பதிவு செய்யும்போதே பொதிகளின் எண்ணிக்கையை 2 என்று கொடுத்தால் '1/2', '2/2' என்ற குறிப்போடு இரண்டு தனி எண்கள் கிடைக்கும். அச்சு கெட்டுப்போனதால் அதே பெட்டிக்கு அதே லேபிளை மறுபடி அச்சிடுவதில் தடை இல்லை. கெட்ட படியைக் கிழித்துவிடுங்கள். லேபிளில் உள்ள அனுப்பும் தேதி கடந்துவிட்டதென்றால், எவ்வளவு நாள் செல்லும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், தேதியைப் பேனாவால் திருத்தாமல் தளத்தில் ரத்து செய்து புதிய லேபிள் எடுத்துக்கொள்ளுங்கள்; பெரும்பாலான தளங்களில் பயன்படுத்தாத லேபிளின் கட்டணத்தைத் திரும்பக் கேட்கவும் வழி உண்டு, அதற்கும் ஒரு கெடு இருக்கும்.